பைலேயா, பாலேயா, தான்ஸாவா? மெக்சிகோக்காரங்க ஆட்டத்துக்கு என்னதான் பேரு

கேள்வி இதுதான்: "பொண்ணோட ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு நாடு குடுத்து அந்த நாட்டோட பாரம்பரிய நடனத்த பத்தி சார்ட் போடச் சொல்லியிருக்காங்க. எங்களுக்கு வந்தது மெக்சிகோ. தேடிப் பாத்தா ஒரு இடத்துல 'பைலே ஃபோக்லோரிகோ'ன்னு இருக்கு, இன்னொரு இடத்துல 'பாலே ஃபோக்லோரிகோ', வேற எங்கயோ 'மெக்சிகன் ஹாட் டான்ஸ்'. எது சரியான பேரு? ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?"

ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லைங்க, மூணுமே நெசமான பேருதான், ஆனா மூணும் ஒண்ணு இல்ல. அவசரமா வேணும்னா இத மட்டும் எடுத்துக்கோங்க: பொதுப்பேரு 'பைலே ஃபோக்லோரிகோ', அதாவது நாட்டுப்புற ஆட்டம். 'பாலே ஃபோக்லோரிகோ'ங்கிறது அதே ஆட்டத்த மேடைக்குன்னு செதுக்கி எடுத்த வடிவம், அத ஆடுற குழுக்களுக்கும் அதே பேரு. 'ஹாட் டான்ஸ்', அதாவது தொப்பி டான்ஸ்ங்கிறது ஹலிஸ்கோ மாநிலத்து ஒரே ஒரு ஆட்டத்துக்கு அமெரிக்காக்காரங்க வச்ச பட்டப்பேரு, மெக்சிகோவுல போய் அப்படிச் சொன்னா சிரிப்பாங்க. நேரம் இருக்கிறவங்க மேல படிங்க, ஏன்னா நீங்க தேடுனப்ப கண்ணுல படாத நாலாவது வார்த்தை ஒண்ணு இருக்கு, என்னைக் கேட்டா அதுதான் முக்கியமானது.

நான் அந்த ஹலிஸ்கோ மாநிலத் தலைநகர் குவாதலஹாராவுல ஆறு வருஷம் இருந்தேன், வீட்டுக்காரரோட வேலைக்காகப் போனது. என் பொண்ணு அங்க எங்க ஏரியா கலாச்சார மையத்துல நாலு வருஷம் இந்த ஆட்டம் கத்துக்கிட்டா. சனிக்கிழமை ஆனா அவள கூட்டிட்டுப் போய் சுவத்தோரமா உக்காந்து பாத்துப் பாத்து, கடைசில ஆடுனவள விட எனக்குத்தான் பைத்தியம் முத்திப் போச்சு. அதனால பதில் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த நாலாவது வார்த்தை 'தான்ஸா'. ஸ்பானிஷ் டிக்‌ஷனரிய தொறந்தீங்கன்னா பைலேக்கும் நடனம்னுதான் போட்டிருக்கும், தான்ஸாக்கும் நடனம்னுதான் போட்டிருக்கும். ஆனா மெக்சிகோவுல இந்த விஷயத்துல இருக்கிறவங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்ப மாட்டாங்க. பைலேன்னா கொண்டாட்டத்துக்கு ஆடுறது. கல்யாணம், திருவிழா, ஆணும் பொண்ணும் ஜோடி சேந்து ஆடுறது, சும்மா சந்தோஷத்துக்கு ஆடுறது. தான்ஸான்னா வேண்டுதல். சாமிக்கு, மழைக்கு, ஒரு புனிதரோட நாளுக்குன்னு ஆடுறது, பெரும்பாலும் பூர்வகுடி சமூகங்களோடது, அதுல யாரு ஆடலாம் எப்ப ஆடலாம்னு ஊர்க்கட்டுப்பாடு இருக்கும், முகமூடி இருக்கும், நேந்துக்கிட்டு வருஷாவருஷம் ஆடுறவங்க இருப்பாங்க. நம்மூர்ல கல்யாண ஊர்வலத்துல குத்தாட்டம் போடுறதும் நேந்துக்கிட்டு தீச்சட்டி எடுத்து ஆடிட்டு வர்றதும் ஒண்ணுன்னு யாராவது சொல்லுவமா, அந்த மாதிரிதான். நான் முதல் மாசம் விவரம் தெரியாம டீச்சர்கிட்ட ஹலிஸ்கோ ஆட்டத்த 'தான்ஸா'ன்னு சொல்லிட்டேன், அந்தம்மா கோவிச்சுக்கல, ஆனா அன்னிக்கு க்ளாஸ் முடிஞ்சதும் அரை மணி நேரம் உக்கார வச்சு பாடம் எடுத்துட்டாங்க.

இந்தப் பிரிவினை ஸ்பெயின்காரன் கொண்டு வந்ததும் இல்ல போல. 16ஆம் நூற்றாண்டுல அங்க போன மோத்தோலினியாங்கிற பாதிரியார், ஆஸ்டெக் மக்களோட நவாத்ல் மொழியில ஆட்டத்துக்கு ரெண்டு வார்த்தை இருக்குன்னு எழுதி வச்சிருக்கார்: சந்தோஷத்துக்கு ஆடுனா நெத்தோத்திலிஸ்த்லி, தெய்வத்துக்கு நோன்பு மாதிரி புண்ணியம் தேடி ஆடுனா மசேவலிஸ்த்லி. வாயில நுழையலன்னா விட்டுருங்க, விஷயம் என்னன்னா ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே அவங்களுக்கு ஒரே வார்த்தை போதல.

சரி, இதுல 'பாலே' எங்கேருந்து வந்துச்சு? அதுக்குக் காரணம் ஒரே ஒரு பொம்பள. அமாலியா எர்னாந்தெஸ், 1917ல மெக்சிகோ சிட்டியில பொறந்தவங்க, வசதியான வீடு, சின்ன வயசுலயே அப்பா வீட்டுலயே டான்ஸ் கத்துக்க ஏற்பாடு பண்ணிக் குடுத்தார். அவங்க கத்துக்கிட்டது நாட்டுப்புற ஆட்டம் இல்ல, ஐரோப்பிய கிளாசிக்கல் பாலே, அப்புறம் மாடர்ன் டான்ஸ். வளந்தப்புறம் யாரோ ஊர்க்காரனோட அன்னப்பறவையவே எத்தன நாளைக்கு ஆடுறது, நம்ம ஊர்ல இவ்வளவு கெடக்கேன்னு தோணிருக்கும் போல, 1952ல எட்டே எட்டு பேர வச்சு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. டிவி நிகழ்ச்சி கெடைச்சது, வாராவாரம் புதுசா ஏதாவது ஆடிக் காட்டணும், அந்த அழுத்தத்துலயே மளமளன்னு ஆட்டங்கள் சேந்துச்சு. 1959ல சிகாகோவுல நடந்த பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டிக்கு மெக்சிகோ சார்பா இவங்க குழு போச்சு. அதே வருஷத்துலேருந்து மெக்சிகோ சிட்டியில இருக்கிற பெரிய கலையரங்கமான பெல்லாஸ் ஆர்ட்டெஸ் மாளிகைதான் இவங்களுக்கு நிரந்தர மேடை. 1961ல பாரிஸ்ல நடந்த உலக நாடக விழாவுல முதல் பரிசு. அதுக்கப்புறம் கேக்கணுமா, 'பாலே ஃபோக்லோரிகோ தே மெஹிகோ'ங்கிற அந்தக் குழு பேரே உலகத்துக்கு அந்த ஆட்டத்தோட பேரா ஆயிருச்சு. ஜெராக்ஸ்ங்கிறது கம்பெனி பேரு, நம்ம ஊர்ல எந்த மெஷின்ல காப்பி எடுத்தாலும் ஜெராக்ஸ்தானே, அதே கதை. இன்னிக்கு மெக்சிகோவுல யுனிவர்சிட்டிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு பாலே ஃபோக்லோரிகோ இருக்கு, எல்லை தாண்டி டெக்சாஸ், கலிஃபோர்னியாவுல ஸ்கூல் பிள்ளைங்க குழு வரைக்கும் இருக்கு. அங்க பேச்சு வழக்குல இன்னும் சுருக்கி வெறுமன 'ஃபோக்லோரிகோ'ன்னுடுவாங்க, "பாப்பா ஃபோக்லோரிகோ போயிருக்கா"ங்கிற மாதிரி.

பெல்லாஸ் ஆர்ட்டெஸ்ல நான் ஒரு தடவ பாத்தேன். மேடைக்குத் திரையே துணி இல்ல, நியூயார்க் டிஃபனி ஸ்டூடியோவுல செஞ்ச கண்ணாடித் திரை, அதுல ரெண்டு எரிமலை தெரியும், லைட்ட மாத்தி மாத்திப் போட்டு விடியுற மாதிரி காட்டுவாங்க. அதுக்கப்புறம் ஆட்டம், நாப்பது பாவாடை ஒரே நொடியில ஒரே பக்கமா திரும்பும். அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா ஊர்ல எவனும் இப்படி ஆட மாட்டான். ஊர்ல ஆட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம்னு ஒண்ணும் கெடையாது, ஆடுறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து ஆடுவாங்க. மேடையில எல்லாரும் நம்மள பாத்து ஆடுவாங்க, கால் விரல் நுனி வரைக்கும் நீட்டி, வரிசை பிசகாம. அமாலியா அம்மா பாலே படிச்சவங்க இல்லையா, அது தெரியும். இது ஒரிஜினல் இல்ல, டூரிஸ்ட்டுக்குப் பண்ண அலங்காரம்னு அங்கயே ஆராய்ச்சி பண்றவங்க திட்டியிருக்காங்க. எனக்கு அந்தத் திட்டுல பாதிதான் சம்மதம். அவங்களே 'பாலே'ன்னு பேரு வச்சு சொல்லிட்டுத்தான செஞ்சாங்க, கிராமத்து ஆட்டம்னு ஏமாத்தலையே. அவங்க 2000ல இறந்துட்டாங்க, குழு இன்னும் ஆடுது, பொதுவா புதன், ஞாயிறு.

'ஃபோக்லோரிகோ' பத்தி ஒரு வரி சொல்லிட்டுப் போயிடுறேன். பாக்க ஸ்பானிஷ் மாதிரி இருந்தாலும் அது இங்கிலீஷ் 'ஃபோக்லோர்'தான், 1846ல வில்லியம் தாம்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் உருவாக்குன வார்த்தை. அப்படின்னா இந்தப் பேரு வர்றதுக்கு முன்னாடி ஆடிட்டிருந்தவங்க அத ஃபோக்லோரிகோன்னு சொல்லியிருக்கவே முடியாது. அவங்களுக்கு அது ஹராபே, சோன், வபாங்கோ, ஹரானா, அந்தந்த ஊருல அந்தந்தப் பேரு.

இப்ப அந்தத் தொப்பி டான்ஸுக்கு வர்றேன், இங்கதான் கதையே இருக்கு.

அதோட உண்மைப் பேரு 'ஹராபே தபதியோ'. தபதியோன்னா குவாதலஹாராக்காரன், மதுரைக்காரன்னு சொல்ற மாதிரி. ஹராபேன்னா சிரப். இருமல் மருந்து பாட்டில்லயும் இதே வார்த்தைதான் போட்டிருக்கும், எனக்கு மொதல் தடவ பொண்ணுக்கு சளி புடிச்சப்ப பார்மசியில இத பாத்து சிரிப்பு வந்துருச்சு. இந்த ஹராபே அரபியில 'ஷராப்', குடிக்கிறதுங்கிற பொருள்ல இருந்து ஸ்பெயினுக்குப் போன வார்த்தை. அதே வேர்லேருந்து பாரசீகம், உருது வழியா நமக்கு வந்ததுதான் சர்பத். ஆக, மெக்சிகோவோட தேசிய நடனத்துக்குப் பேரு சர்பத், நம்ம நன்னாரி சர்பத்தோட பங்காளி. பல மெட்ட ஒண்ணா கலக்கி ஆடுறதால இந்தப் பேருன்னு சொல்லுவாங்க, கேக்கும்போதும் அப்படித்தான் இருக்கும், ஒரு மெட்டு முடியுற முன்னாடி அடுத்தது வந்து விழும்.

இன்னிக்கு தேசிய நடனம், ஆனா ஒரு காலத்துல ஹராபே ஆடுனா ஜெயில். ஸ்பெயின் ஆட்சியில ஆணும் பொண்ணும் இப்படி நெருங்கி கொஞ்சிக் குலாவி ஆடுறது ஆபாசம்னு சர்ச்சும் சர்க்காரும் தடை மேல தடை போட்டாங்க. 1802ல மார்கீனாங்கிற வைஸ்ராய் 'ஹராபே கதூனோ', அதாவது பூனை ஹராபேன்னு ஒண்ண தடை பண்ணி உத்தரவு போட்டார், ஆடுனவனுக்கு மட்டும் இல்ல, நின்னு வேடிக்கை பாத்தவனுக்கும் தண்டனை. அதுக்கு முன்னாடியே 1766ல கிழக்குக் கடற்கரை வெராக்ரூஸ்ல 'சுச்சும்பே'ன்னு ஒரு ஆட்டத்த இன்குசிஷன்ங்கிற சர்ச் நீதிமன்றம் தடை பண்ணியிருக்கு, அது ஹவானாவுலேருந்து கப்பல்ல வந்து, கறுப்பு, கலப்பு இன மக்கள் நடுவுல பரவுனது. எந்தக் காலத்துலயும் அதிகாரத்துல இருக்கிறவனுக்கு மொதல்ல உறுத்துறது சாதாரண ஜனங்க இடுப்ப ஆட்டுறதுதான் போல.

தடை பண்ணா ஜனங்க விடுவாங்களா, சுதந்திரப் போராட்டத்தப்ப ஹராபே எங்க ஆட்டம்னு இன்னும் வேகமா ஆடுனாங்க. அப்புறம் 1919ல ரஷ்ய பாலேக்காரி அன்னா பாவ்லோவா மெக்சிகோவுக்கு வந்தப்ப, இந்த ஊர் உடுப்ப போட்டுக்கிட்டு, பாலே ஷூவோட கால் நுனியில நின்னு ஹராபே ஆடிக் காட்டுனாங்க, ஜனம் பைத்தியமாயிருச்சு. உள்ளூர்ல ஆயிரம் பேர் நல்லா ஆடியும், வெளிநாட்டு மகராசி ஒருத்தி ஆடுனதும்தான் பெரிய மனுசங்க திரும்பிப் பாத்தாங்க, இது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். அடுத்து புரட்சி முடிஞ்ச நேரம், நாடே சுக்கு நூறா கெடக்கு, எல்லாரையும் ஒரே மெக்சிகோக்காரனா ஆக்கணும், 1921ல புதுசா வந்த கல்வி அமைச்சகத்துக்கு ஹோசே வாஸ்கொன்செலோஸ் மந்திரி. அவர் காலத்துல ஹராபே ஸ்கூல் பாடத்துக்குள்ள வந்துச்சு, கிராமம் கிராமமா டீச்சருங்கள அனுப்பி ஆட்டம் பாட்டெல்லாம் சேகரிக்கவும் செஞ்சாங்க. ஆக இந்த 'தேசிய நடனம்' தானா முளைச்சது இல்ல, சர்க்கார் நட்டு தண்ணி ஊத்துனது. வடக்கே பாலைவனத்துலயும் தெக்கே காட்டுலயும் இருக்கிற பிள்ளைங்க, தன் ஊர்ல இல்லாத குவாதலஹாரா ஆட்டத்த ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஆடுறாங்கன்னா அதனாலதான்.

ஆட்டம் என்னன்னு கேட்டா, ஒரு காதல் கதை. அவன் சுத்திச் சுத்தி வருவான், அவ கண்டுக்காத மாதிரி பாவாடைய ஒரு பக்கமா வீசிட்டு நகருவா. கடைசில அவன் தொப்பிய கழட்டி கீழ போடுவான், அவ அதச் சுத்தி ஆடிட்டுக் குனிஞ்சு எடுப்பா, அவ குனிஞ்சிருக்கிற நேரத்துல அவன் ஒரு காலத் தூக்கி அவ தலைக்கு மேல வீசிக் கடப்பான், அப்புறம் ரெண்டு பேரும் முகத்த தொப்பிக்குப் பின்னாடி மறைச்சுக்குவாங்க. முத்தமான்னு நமக்குத் தெரியாது, தெரியக் கூடாதுங்கிறதுதான் விஷயம். அந்த ஒரு நிமிஷத் தொப்பிய வச்சு அமெரிக்காக்காரன் மொத்த ஆட்டத்துக்கும் பேரு வச்சுட்டான்.

அந்த ஆட்டத்துல ஆம்பள போடுறது ச்சார்ரோ உடுப்பு, அதாவது குதிரைப் பண்ணைக்காரன் வேசம். பொம்பள போடுறது 'ச்சீனா போப்லானா'. இத நம்மாளுங்க தெரிஞ்சுக்கணும். வார்த்தைக்கு வார்த்தை எடுத்தா 'புவேப்லா ஊர்ச் சீனாக்காரி'. பாவாடை முழுக்க ஜிகினா, அதுல பெரும்பாலும் மெக்சிகோ தேசியக் கொடியில இருக்கிற அந்த சப்பாத்திக்கள்ளி மேல உக்காந்த கழுகு படம். இந்த உடுப்ப கொண்டு வந்தது ஒரு இந்தியப் பொண்ணுன்னு புவேப்லாவுல எல்லாரும் கதை சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு நெசமா இருந்தவதான், பேரு கத்தரீனா தே சான் ஹுவான், அவ சொன்ன சொந்தப் பேரு மிர்ரா. 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல சின்னப் பொண்ணா இருக்கும்போது போர்ச்சுகீசிய கடல் கொள்ளைக்காரங்க தூக்கிட்டுப் போய், கொச்சியில ஞானஸ்நானம் குடுத்து, மணிலாவுல அடிமையா வித்து, அங்கேருந்து பசிபிக் தாண்டுற கப்பல்ல ஏத்தி மெக்சிகோவுல எறக்குனாங்க. அந்தக் கப்பல்ல வந்த ஆசியாக்காரங்க அத்தன பேரையும் அங்க 'ச்சீனோ'ன்னுதான் சொன்னாங்க, இந்தியனா இருந்தாலும் பிலிப்பினோவா இருந்தாலும். அவ புவேப்லாவுல வீட்டு வேலை பாத்து, பக்தியில மூழ்கி, பெரிய ஞானின்னு பேரெடுத்து 1688ல செத்தா. ஆனா ஜிகினாப் பாவாடைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. அவ முரட்டுத் துணி உடுத்தி நோன்பு இருந்த சன்னியாசினி மாதிரி ஆளு. பாவாடை 19ஆம் நூற்றாண்டு ஃபேஷன், அப்ப ஊர்ல வேலைக்காரப் பொண்ணுங்க, கடைக்காரப் பொண்ணுங்களுக்கு 'ச்சீனா'ன்னு பேரு, அவங்க உடுத்துனது. ரெண்டு 'ச்சீனா'வயும் பிற்பாடு யாரோ முடிச்சுப் போட்டு விட்டாங்க. எனக்கு இந்தக் கதை புடிக்கும்தான், ஆனா உங்க பொண்ணு சார்ட்ல 'இந்திய உடை'ன்னு எழுதிறாதீங்க.

அடுத்து கால். மெக்சிகோ ஆட்டத்துல பாதி உயிர் பாவாடையில இருக்குன்னா பாதி கால்ல இருக்கு, அந்தக் கால் தட்டுறதுக்குப் பேரு 'சபாத்தியாதோ'. 'சபாத்தோ'ன்னா ஸ்பானிஷ்ல ஷூ. இத கேட்டதும் யாழ்ப்பாணத்துக்காரங்க நிமிந்து உக்காருவீங்கன்னு தெரியும். நீங்க இன்னிக்கும் சொல்ற சப்பாத்து போர்ச்சுகீசிய 'சபாத்தோ'விலேருந்து வந்தது, ஸ்பானிஷ் வார்த்தையோட கூடப் பொறந்தது. ஆக சபாத்தியாதோவ தமிழ்ல சப்பாத்தாட்டம்னு சொன்னா வேர் வரைக்கும் பொருந்தும்.

அந்த சப்பாத்தப் பாக்கணுமே. பாக்க சாதா ஸ்கூல் ஷூ மாதிரிதான், பொம்பளைங்களுதுக்கு கொஞ்சம் ஹீல், மேல ஒரு பட்டை. திருப்பிப் பாத்தா அடியில முன்பக்கமும் குதிகால்லயும் சின்னச் சின்ன ஆணி, இடைவெளியே இல்லாம நெருக்கி அடிச்சிருப்பாங்க, கை வச்சா ஜில்லுன்னு உலோகம். பாதத்த முழுசா அடிச்சா ஒரு சத்தம், குதிய மட்டும் அடிச்சா ஒண்ணு, நுனிய தட்டுனா ஒண்ணு, இந்த மூணையும் மாத்தி மாத்தித்தான் எல்லா அடவும். டீச்சர் வாயால எண்ண மாட்டாங்க, கையத் தட்டுவாங்க, இருவது பிள்ளைங்களோட நாப்பது கால்ல ஒரு கால் பிந்துனாலும் அந்தம்மாவுக்குத் தெரியும், கண்ண மூடிக்கிட்டே "மூணாவது வரிசை, இடது கால்"ம்பாங்க. அத நான் பல தடவ பாத்திருக்கேன், எப்படின்னுதான் இன்னும் புரியல.

பாவாடையும் லேசுப்பட்டது இல்ல. பயிற்சிக்குன்னு தனிப் பாவாடை, ரெண்டு முழு வட்டம் துணி, பேண்ட்டு மேலயே கட்டிக்குவாங்க. ரெண்டு கையிலயும் ஓரத்த புடிச்சு எட்டு போடுற மாதிரி வீசணும், மணிக்கட்டால வீசணும், தோளால வீசுனா அடுத்த நாள் கைய தூக்க முடியாது. என் பொண்ணு முதல் ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை தலை வார விட மாட்டா, கை வலிக்குதும்பா.

வீட்டுல பிராக்டிஸ் பண்ணா ஆணி டைல்ஸ கீறும். கீழ் வீட்டம்மா ரெண்டு தடவ மேல வந்து கதவத் தட்டிட்டுப் போனாங்க, நியாயம்தான். அப்புறம் ஒரு ப்ளைவுட் பலகை வாங்கி அடியில பழைய கம்பளி போட்டு பால்கனியில வச்சோம். டீச்சர்கிட்ட சொன்னப்ப சிரிச்சுட்டு, "உங்க வீட்டுல வபாங்கோ வந்துருச்சு"ன்னாங்க. வபாங்கோங்கிறது வடகிழக்கு வஸ்தேகா பக்கத்து ஆட்டம், வயலின் வச்சு, பாடுறவங்க திடீர்னு கள்ளக்குரல்ல உச்சத்துக்குப் போய் எறங்குவாங்க. அந்த வார்த்தைக்கு நவாத்ல் மொழியில 'பலகை மேல'ன்னு அர்த்தம்னு சொல்லுவாங்க. ஆட்டத்துக்கே பேரு பலகை!

அந்தப் பலகைய அதுக்குரிய இடத்துல பாக்கணும்னா வெராக்ரூஸ் போகணும். நாங்க ஒரு பிப்ரவரியில த்லகோதால்பான்ங்கிற ஆத்தங்கரை ஊருக்குப் போனோம், 2ஆம் தேதி கந்தேலாரியா மாதா திருவிழா, ஊர் பூரா கலர் கலரா தூண் வச்ச வீடுங்க, யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற ஊரு. ராத்திரி தெருவுல ஒரு மரப்பெட்டி மாதிரி மேடை, முழங்கால் உயரம்கூட இல்ல, அதுக்கு 'தரீமா'ன்னு பேரு, சத்தம் வெளிய வர பக்கத்துல ஓட்டை. அதச் சுத்தி பத்து முப்பது பேரு ஹரானாவோட நிக்கிறாங்க, சின்ன கித்தார், ஒரே கட்டையில குடைஞ்செடுத்தது. ஒருத்தர் கையில கழுதையோட தாடை எலும்பு, அத தட்டுனா பல்லெல்லாம் கடகடன்னு ஆடி சத்தம் வருது, அதுவும் வாத்தியம்தான். இந்தக் கூடலுக்கு ஃபாந்தாங்கோன்னு பேரு, ஆடுறது சோன் ஹரோச்சோ. நான் கவனிச்சது ஒரே ஒரு விஷயம்: பாட்டுக்காரர் வரி பாட ஆரம்பிச்சதும் தரீமா மேல இருக்கிற பொம்பளைங்க கால் சத்தத்த அடக்கிக்கிறாங்க, சும்மா பலகைய தடவுற மாதிரி, வரி முடிஞ்ச நொடி மறுபடி தடதடன்னு எடுக்கிறாங்க. அதாவது கால்தான் அங்க தாளக்கருவி, பாட்டுக்கு வழி விடுது. அறுபது வயசுப் பாட்டி ஒருத்தங்க ஏறுனதும் ஆடிட்டிருந்த பொண்ணு எறங்கிருச்சு, யாரும் யாருக்கும் சொல்லல. கைதட்டவும் யாரும் இல்ல, ஏன்னா பாக்கிறவங்கன்னு தனியா யாரும் இல்ல, எங்களத் தவிர. இதே ஆட்டத்த மேடையில வெள்ளை லேஸ் கவுனோட, தரையில நீள ரிப்பன போட்டு ஜோடியா காலாலயே முடிச்சுப் போட்டு காட்டுவாங்க, கை தொடாம பூ மாதிரி முடிச்சு வரும், பாக்க பிரமாதமா இருக்கும். ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த ஊர்ல யாரும் ரிப்பன எடுக்கல.

மத்த ஊருங்கள வேகமா சொல்லிடுறேன், இல்லன்னா விடிஞ்சிரும். வடக்கே எல்லையோரம் போல்கா, ரெதோவான்னு ஜோடி ஆட்டங்க, அதுக்கு அக்கார்டியன் வாத்தியம், எல்லாம் 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுலேருந்து வந்தது, உடுப்பு கவ்பாய் மாதிரி. யுகதான் பக்கம் ஹரானான்னா கித்தார் இல்ல, ஆட்டத்துக்கே அந்தப் பேரு, தலையில தட்டு வச்சு அதுல கிளாஸ் அடுக்கி சிந்தாம ஆடுவாங்க, நடுவுல ஒருத்தர் "போம்பா!"ன்னு கத்துனா பாட்டு நின்னுடும், ஆம்பள எடக்கு மடக்கா நாலு வரி சொல்லுவான், பொம்பள பதில் குடுப்பா, மறுபடி ஆட்டம். தெக்கே சியாபாஸ்ல மரிம்பா, அதாவது மரக்கட்டைங்கள தட்டி வாசிக்கிற வாத்தியம், பொம்பளைங்களுக்கு கறுப்பு வலைத் துணியில பெரிய பெரிய கலர் பூ எம்ப்ராய்டரி. கூகுள்ல 'மெக்சிகன் டான்ஸ்'னு போட்டா வர்ற ஃபோட்டோவுல பாதி இந்த உடுப்புதான், இல்லன்னா ரிப்பன் ரிப்பனா வச்ச ஹலிஸ்கோ பாவாடை.

தான்ஸா பக்கம் வந்தா உலகமே வேற. சொனோரா, சினலோவாவுல யாக்கி, மாயோ மக்களோட மான் தான்ஸா. ஆடுறவர் தலைக்கு மேல நெசமான மான் தலை, கால்ல அந்துப்பூச்சிக் கூடுகள காய வச்சு உள்ள சின்னக் கல்லு போட்டு கோத்த சலங்கை, கையில சுரைக்காய் கிலுகிலுப்பை, பக்கத்துல தண்ணியில கவுத்துப் போட்ட சுரைக்குடுக்கைய தட்டித் தாளம். ஊர்ல இது ராத்திரி முழுக்க, பாட்டுக்குப் பாட்டு, விடியுற வரைக்கும் போகும். மேடையில அஞ்சு நிமிஷம், கடைசில வேட்டைக்காரன் அம்புல மான் துடிச்சுச் சாகும், நமக்குத் தொண்டை அடைக்கும். ரெண்டும் எனக்குப் புடிக்கும், ஆனா ரெண்டாவத பாத்துட்டு யாக்கி சடங்கப் பாத்தேன்னு சொல்லக் கூடாது. இந்த மான் ஆட்டக்காரர் சொனோரா மாநிலச் சின்னத்துலயே இருக்கார்.

மிச்சோவகான்ல புரேபெச்சா மக்களோட 'வியெஹித்தோஸ்', குட்டிக் கிழவனுங்கன்னு அர்த்தம். ரோஸ் கலர்ல பல்லில்லாம சிரிக்கிற முகமூடி, ரிப்பன் தொங்குற தொப்பி, கூன் முதுகு, கைத்தடி, இருமிக்கிட்டே தள்ளாடி வருவாங்க, பாட்டு எடுத்ததும் அந்தக் கிழவனுங்க கால் பறக்கும், அப்புறம் திடீர்னு இடுப்பப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் விழுவார், மத்தவங்க தூக்கி நிறுத்துவாங்க. என் பொண்ணு க்ளாஸ்ல பசங்க இத ஆடுனப்ப சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. வெராக்ரூஸ் பக்கம் பாப்பாந்தலா ஊரோட பறவை மனுசங்கள கேள்விப்பட்டிருப்பீங்க, உயரமான கம்பத்து உச்சியிலேருந்து நாலு பேரு கயித்துல தலைகீழா சுத்தி எறங்குறது, ஆளுக்கு 13 சுத்து, நாலு பேருக்கு 52, பழைய காலக் கணக்குல 52 வருஷம் ஒரு சுற்று. 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. சர்க்கஸ் மாதிரி தெரியும், அவங்களுக்கு அது வேண்டுதல்.

இவ்வளவும் படிச்சுட்டு பைலேன்னா கலப்படம், தான்ஸான்னா சுத்தம், பழசுன்னு முடிவு பண்ணிறாதீங்க. தெக்கே வஹாகா மாநிலத்துல ஜூலை மாசம் கெலகெட்சான்னு விழா, ஜூலை 16க்கு அப்புறம் வர்ற ரெண்டு திங்கக்கிழமை. அந்த வார்த்தை சபோதெக் மொழி, நம்ம மொய் மாதிரி, இன்னிக்கு உன் வீட்டு விசேஷத்துக்கு நான் வான்கோழி குடுத்தா நாளைக்கு என் வீட்டுக்கு நீ திருப்பணும், அத நோட்டு போட்டு எழுதி வைக்கிற ஊருங்க கூட இருக்கு. அந்த விழாவுல ஜனங்க அதிகமா கத்தி வரவேற்கிறது 'ஃப்ளோர் தே பீன்யா', வரிசையா பொண்ணுங்க தோள்ல அன்னாசிப்பழத்த வச்சுக்கிட்டு ஆடுறது. பாத்தா ஆயிரம் வருஷப் பழசு மாதிரி இருக்கும். 1958ல வந்தது. இத ஆடுற வஹாகா மாநிலத்து துஸ்தெபெக் ஊர்க்காரங்க அதுவரைக்கும் பக்கத்து வெராக்ரூஸ் ஆட்டத்தத்தான் ஆடிட்டிருந்தாங்க, இது நம்ம மாநிலத்துது மாதிரி இல்லையேன்னு கவர்னர் புதுசா கேக்க, பவுலினா சோலீஸ்னு ஒரு டீச்சர் அமைச்சுக் குடுத்தாங்க. இன்னிக்கு அந்தப் பொண்ணுங்க உடுத்துற ஊர் உடுப்பெல்லாம் பழசு, அடவு புதுசு, அங்க இருக்கிறவங்க பெருமை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

சரி, சார்ட். தலைப்பு 'பைலே ஃபோக்லோரிகோ'ன்னு போடுங்க, கீழ தமிழ்ல 'மெக்சிகோ நாட்டுப்புற ஆட்டம்'. அமாலியா எர்னாந்தெஸ் படம் வச்சா அதுக்குக் கீழ மட்டும் 'பாலே'. மான் தலை, முகமூடி, கம்பம் இதுல எது வந்தாலும் 'தான்ஸா'. ஃப்ளமெங்கோ ஸ்பெயினோடது, டாங்கோ அர்ஜென்டினா பக்கத்துது, மரியாச்சிங்கிறது ஆட்டம் இல்ல பாட்டுக் கோஷ்டி, இந்த மூணையும் தெரியாத்தனமா ஒட்டிறாதீங்க. ஃபோட்டோ எடுக்கும்போது உடுப்பப் பாத்து மாநிலம் பேர எழுதுங்க: ஜிகினாக் கழுகுன்னா ச்சீனா போப்லானா, கறுப்புல பூன்னா சியாபாஸ், முழு வெள்ளை லேஸ்னா வெராக்ரூஸ். தெளிவா தெரியலன்னா இங்க படத்த போடுங்க, பாத்துச் சொல்றேன், சனிக்கிழமை காலையில மட்டும் கேக்காதீங்க, இங்க வந்தப்புறமும் அந்தப் பலகைய விடல, அந்த நேரத்துல வீட்டுல ஒரு சத்தமும் காதுல விழாது.